பரங்கிமலை ராஜா

வேளச்சேரியில் நம் தோழர்கள் நடத்தும் படிப்பகத்துக்கு மாலை ஆறு மணிக்குமேல் வந்து பாருங்கள். பத்திரிகை படிப்போர் ஒரு பக்கம், பள்ளிப் பாடம் படிக்கும் பிள்ளைகள் மறு பக்கம். சென்ற வாரம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சமூக அறிவியல் புத்தகத்தை என் முன் விரித்து ஒரு சிறு பத்தியைக் காட்டினான். கட்டட வேலை முடித்து, சிமெண்டுத் தூள் படிந்த சட்டையோடு மகனை அழைத்துப் போக வந்த அவன் தகப்பனாரும் பக்கத்தில் நின்றார்.

பத்தி, மயிலை சின்னத்தம்பி ராஜாவைப் பற்றியது. எம்.சி. ராஜா என்றால் பழைய தோழர்களுக்குத் தெரியும். 1883-ல் பிறந்தார், 1943-ல் மறைந்தார், ஆசிரியராக இருந்தார், பாடப்புத்தகங்கள் எழுதினார், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், சட்டசபையில் அக்கட்சியின் துணைத்தலைவர், 1928-ல் அகில இந்திய அளவில் தாழ்த்தப்பட்டோர் சங்கம் கண்டார். அவ்வளவுதான். வகித்த பதவிகள் வரிசையாக உண்டு. நடத்திய சண்டை ஒன்றுகூட இல்லை!

பையன் கேட்டது ஒன்றே ஒன்று. துணைத்தலைவராக இருந்தவர் பிறகு ஏன் தனியாக வேறு சங்கம் வைத்தார்? கேள்வி சின்னக் கேள்வி. விடை சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. தெரியாமல் அல்ல; தெரிந்ததால்தான்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ராஜா யாரோ எட்டாத ஊர்க்காரர் அல்லர். நம் வேளச்சேரிக்கு மேற்கே, ஆதம்பாக்கத்தைத் தாண்டினால் வருமே பரங்கிமலை, அங்கே 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பிறந்தவர். அன்று பரங்கிமலையும் வேளச்சேரியும் சென்னையல்ல, செங்கற்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துச் சேரி மக்கள் பட்ட பாட்டைக் கண்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மண்ணும் சொந்தமில்லை, உழுகின்ற மண்ணும் சொந்தமில்லை என்ற நிலைமையை விவரித்த அறிக்கை. மறு ஆண்டே தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம், பஞ்சமி நிலம் என்று பேசுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அப்போது ராஜாவுக்கு எட்டு ஒன்பது வயது.

அவருடைய தகப்பனார் சின்னத்தம்பி, லாரன்ஸ் அசைலம் அச்சகத்தில் மேலாளர். ஆகவே மகன் எழுத்து வாசனையோடு வளர்ந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்பு. பிறகு கிறித்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி தாம்பரம் போனது 1937-ல்தான். ராஜா படித்தபோது நகருக்குள்ளே இருந்தது. சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துத் திண்ணைகூட எட்டாத காலம். கோயிலை ஒட்டியும் அக்கிரகாரத்திலும் சாவடியிலும் பள்ளி வைத்துவிடுவார்கள். சட்டம் சேரு என்னும், தெரு நுழையாதே என்னும்! அந்தக் காலத்தில் ஒருவர் பட்டம் பெற்றார், பெற்றபின் பெரிய உத்தியோகத்தைத் தேடி ஓடாமல் ஆசிரியரானார். வகுப்புக்குத் தேவையான புத்தகங்களையும் தாமே எழுதினார். குழந்தைகளுக்கும் எழுதினார், கல்லூரி மாணவருக்கும் எழுதினார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடநூல் எழுதியவருக்குப் பாடநூலில் ஒரு பத்தி. இந்தக் கணக்கு எனக்கு நேராகப் படவில்லை.

1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அதே ஆண்டில்தான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. தியாகராயரும் நாயரும் நடேசனாரும் கூடிய அந்தத் தொடக்கத்தில் ராஜாவும் இருந்தார். 1920-ல் சட்டசபை அமைந்தபோது உள்ளே சென்றார், கட்சியின் துணைத்தலைவரானார். இழிவு சுமந்த பெயர்களைச் சர்க்கார் ஏடுகளிலிருந்து எடுத்தெறிந்து, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-ல் அது ஆணையாயிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார் உண்டு. அழைக்கும்போதே அடிக்கின்ற பெயரைச் சுமந்தவனைக் கேட்டால் சொல்வான், என்ன இருக்கிறது என்று. இரண்டாண்டு கழித்து 1924-ல், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பெயர் 22-ல், தெரு 24-ல்!

இதுவரை சொன்னது நம் மேடைகளில் சொல்லக்கூடியது. சொல்லியும் இருக்கிறோம். இனிச் சொல்வதுதான் சற்றுத் தொண்டையில் நிற்பது.

1921. பெரம்பூரில் பக்கிங்காம் கர்னாடிக் மில். நூற்பும் நெசவும் நடக்கும் பெரிய ஆலை. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது, திரு.வி.க. அதன் தலைமையில் இருந்தார். ஜூனில் வேலைநிறுத்தம் முழுமையாயிற்று. மாதக்கணக்கில் நீண்டது. ஆலையில் சாதி இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, ஆதிதிராவிடர் பலர் உண்டு. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். உடனே மூண்டது கலகம். புளியந்தோப்பிலே குடிசைகள் கொளுத்தப்பட்டன. பதிலுக்குப் பதில் தாக்குதல் நடந்தது. ஆகஸ்டில் போலீசார் சுட்டனர், உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் அக்டோபரில் ஓய்ந்தபோது தொழிலாளி வென்றதாகச் சொல்ல எதுவுமில்லை.

தோழர்களே, உங்களில் பலர் சங்கத்தில் இருப்பவர்கள். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போகிறவனை என்ன பெயரிட்டு அழைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் அழைப்பேன். ஆனால், ஆலைக்கு உள்ளே தோழன் என்றும், ஆலைக்கு வெளியே தள்ளி நில் என்றும் சொல்லப்பட்டவனிடம், பட்டினி வந்தபோது மட்டும் ஒற்றுமை பேசினால் அது காதில் ஏறுமா? கடன் கொடுக்க ஆளில்லை, ஊரில் காணி இல்லை, ஒரு மாதம் கூலி நின்றால் உலை நின்றது. அவனைக் கலந்து முடிவெடுத்தார்களா என்ற கேள்வி ஒரு பக்கம். அவனைப் பிரித்து வைத்துக்கொள்வதில் ஆலை முதலாளிக்கு இருந்த ஆதாயம் மறுபக்கம். எரிந்தது தொழிலாளியின் குடிசை. எரித்த கையும் தொழிலாளியின் கை. லாபம் மட்டும் பின்னி கம்பெனிக்கு.

அப்போது ஆட்சிபீடத்தில் இருந்தது எது? நம் மூதாதையர் கட்சி. நீதி என்ற பெயரையே கொடியில் எழுதிக்கொண்ட கட்சி. அதன் மூத்த தலைவர்களில் சிலர், குற்றத்தைப் புளியந்தோப்புச் சேரியின் மீதே சுமத்தினர். தொழில் இலாகா அவர்களுக்குச் செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்றனர். சேரி மக்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றவேண்டும் என்ற பேச்சுக்கூட எழுந்தது. நகருக்குள் ஏழை குடியிருப்பது கண்ணை உறுத்தினால் அவனை அப்புறப்படுத்து என்ற யோசனை இன்று நேற்று முளைத்ததல்ல. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் போய்வருகிற தோழர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

அதே 1921-ல்தான் வகுப்புவாரி ஆணை வந்தது. பார்ப்பனரல்லாதாருக்கு உத்தியோகத்தில் பங்கு! மகத்தான ஆணை, மறுக்கவில்லை. இன்றைய இட ஒதுக்கீட்டுக்கெல்லாம் தாய். ஆனால் அதில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனி இடம் வைக்கப்படவில்லை. ராஜா தூது சென்று முறையிட்டார். பயனில்லை. பன்னிரண்டு இடத்தில் ஒன்று என்று அவர்களுக்குத் தனிப்பங்கு வந்தது, 1927-ல் முறை திருத்தப்பட்ட பிறகு. அதற்குள் அவர் போய்விட்டார். 1923-லேயே நீதிக்கட்சியை விட்டு வெளியேறிவிட்டார்.

இதுதான் பையனின் கேள்விக்கு விடை. புத்தகத்தில் இது இல்லை. சரி, நம் மேடையில் இருக்கிறதா? 1916 என்கிறோம், 1921 ஆணை என்கிறோம், கைதட்டல் வாங்குகிறோம். புளியந்தோப்பு என்கிறோமா? நானும் எத்தனையோ பொதுக்கூட்டத்தில் அந்தக் காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன்தான். ஒருமுறையும் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. எதிரி மறைத்தால் இருட்டடிப்பு என்று கூவுகிறோம். நாம் விட்டுவிட்டால் அதற்கு என்ன பெயர்?

அமெரிக்க நாட்டிலே இதே காலத்தில் கார்ட்டர் உட்சன் என்று ஒருவர் இருந்தார். ராஜாவைவிட எட்டு வயது மூத்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுபட்டவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, இருபது வயதுக்குப் பிறகே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து, 1912-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். பள்ளிப் பாடத்தில் கறுப்பருக்கு வரலாறே இல்லாதது கண்டு 1915-ல் அதற்கென்றே சங்கம் அமைத்தார். 1926 பிப்ரவரியில் கறுப்பர் வரலாற்று வாரம் தொடங்கினார். லிங்கனும், அடிமைத்தளையை அறுத்து வந்த பிரெடரிக் டக்ளசும் பிறந்த நாள்களைக் கொண்டாடும் மாதம் அது. வாரம் 1976-ல் மாதமாயிற்று. சரி, மாதம் கொடுத்தாயிற்றே, குறை தீர்ந்ததா? 2023-ல் புளோரிடா மாகாணம் பள்ளிகளுக்கு வகுத்த பாட விதிகளில், அடிமைகள் கற்ற கைத்தொழில் சில நேரம் அவர்கள் சொந்த நன்மைக்கும் பயன்பட்டது என்று சொல்லிக் கொடுக்கும்படி எழுதினார்கள். நாடே கொதித்தது. பாடத்தில் இடமே தராமல் இருப்பது ஒரு வகை; இடம் தந்துவிட்டு, வலியைக் கழற்றி எடுத்துவிடுவது மற்றொரு வகை. நம் ராஜாவுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை.

அவர் கதைக்குத் திரும்புகிறேன். 1925-ல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் எழுதினார். 1927-ல் டில்லி மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். தாழ்த்தப்பட்டோர் சமூகத்திலிருந்து அங்கே அமர்ந்த முதல்வர் அவரே. பத்தாண்டு அங்கே இருந்தார். சைமன் கமிஷனைக் காங்கிரஸ் பகிஷ்கரித்தபோது, அதனோடு சேர்ந்து பணியாற்றிய இந்தியக் குழுவில் இடம்பெற்றார். தம் மக்கள் குறையை எங்கே கேட்பார்களோ அங்கே போய்ச் சொல்வது என்பது அவர் வழி. வட்டமேஜை மாநாட்டுக்கு அழைப்பு அம்பேத்கருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் போயிற்று, இவருக்கு இல்லை.

1932-ல் ராஜா செய்த காரியம் ஒன்றை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. தனித் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் போராடிக்கொண்டிருந்த வேளையில், இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு இவர் ஒப்பந்தம் செய்தார். கூட்டுத் தொகுதியில் ஒதுக்கிய இடங்கள் போதும் என்றார். எதிரணிக்கு அது நல்ல ஆயுதமாயிற்று. ஆகஸ்டில் பிரிட்டிஷ் சர்க்கார் தனித் தொகுதியை அறிவித்தது. செப்டம்பர் 20-ல் காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ல் புனா ஒப்பந்தம். தனித் தொகுதி போயிற்று. மாகாண சட்டசபைகளில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின, சென்னைக்கு 30. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கரும் உண்டு, ராஜாவும் உண்டு. அம்பேத்கர் நெருக்கடியில் போட்டார். ராஜா நம்பிக்கையோடு போட்டார். தீண்டாமையை ஒழிப்போம், கோயில் கதவைத் திறப்போம் என்று பெரிய மனிதர்கள் கொடுத்த வாக்கை நம்பினார்.

அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதுதான் 1938-ன் கதை.

1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால மந்திரிசபையில் ராஜா வளர்ச்சித் துறை மந்திரியாக இருந்தார். ஜூலையில் ஆச்சாரியார் பிரதமராக வந்தார். ராஜா எதிர்வரிசையில் அமர்ந்து, சட்டசபைக்கு இரண்டு மசோதாக்கள் கொண்டுவந்தார். ஒன்று, சாலை, கிணறு, பள்ளி, வண்டி, அலுவலகம் முதலிய பொது இடங்களில் தீண்டாமை காட்டித் தடுப்பதைச் சட்டவிரோதம் ஆக்குவது. அது 1938-ல் நிறைவேறியது. இன்னொன்று கோயில் நுழைவு. இங்கேதான் கதவு அடைத்தது!

அரசியல் எதிரியின் மசோதா என்று ஆச்சாரியார் முதலில் ஒதுக்கவில்லை. திருத்தங்களோடு ஆதரிப்பார் என்றே ராஜா எண்ணியிருந்தார். திருவிதாங்கூர் மன்னர் 1936 நவம்பரிலேயே கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார். மன்னர் செய்ததை மக்களாட்சி செய்யாதா? ஆனால் ஆகஸ்டு 17-ல் மசோதா சபைக்கு வந்தபோது, திரும்பப் பெறுங்கள் என்றார் பிரதமர். காலம் கனியவில்லையாம், மலபாருக்கு மட்டும் தாமே ஒரு சட்டம் கொண்டுவருவாராம். ராஜா மறுத்தார். காந்தியாருக்கு எழுதினார், புனாவில் கொடுத்த வாக்கை நினைவூட்டினார். ஆச்சாரியாரை நம்பும்படி பதில் வந்தது. ஓட்டெடுப்பில் மசோதா விழுந்தது. காங்கிரசுக்குப் பெரும்பான்மை, விழாமல் என்ன செய்யும்? வேதனை அதுவல்ல. புனா ஒப்பந்தத்தால் கிடைத்த ஒதுக்கிய இடங்களில், காங்கிரஸ் சீட்டில் வென்று வந்த சேரி உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஒப்பந்தத்தில் நம்பிக்கையோடு கையெழுத்திட்டாரோ, அந்த ஒப்பந்தத்தின் பலனை ராஜா எதிரே உட்கார்ந்து பார்த்தார். புனாவில் போட்ட கையெழுத்துக்காக வெளிப்படையாகவே வருந்தினார். தனித் தொகுதி கேட்டவர் சொன்னது ஆறு ஆண்டுக்குப்பின் அவருக்கு விளங்கிற்று.

கோயில் திறக்கக் காலம் கனியாத அதே 1938-ல், பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்க மட்டும் ஆச்சாரியாருக்குக் காலம் கனிந்திருந்தது! அந்த எதிர்ப்புப் போரில் கைதாகி, 1939 ஜனவரியில் உயிர் துறந்த நடராசன் ஒரு ஆதிதிராவிட இளைஞன். இந்தச் செய்தியும் மேடையில் வேகமாகக் கடந்துபோகிற செய்திதான்.

1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துச் சென்றார். துணிவான செயல், சனாதனிகள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவர் பெருமையில் ஒரு துரும்பும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. அதன்பின் அவசரமாகச் சட்டம் வந்தது. கோயிலைத் திறந்தவர்களுக்குப் பாதுகாப்பும் தந்தது. கோயில் நுழைவு என்றால் பிள்ளைகளுக்குத் தெரிவது இந்த 1939. அழைத்துச் சென்றவர் பெயர் மனப்பாடம். பதினோரு மாதம் முன்னே, யாரும் அழைத்துப் போகவேண்டாம், உரிமையாகவே நுழைகிறோம், சட்டம் செய் என்று சபையிலே எழுந்து நின்ற மனிதனின் மசோதா அந்தப் பாடத்தில் எங்கே? அருள் செய்தவரின் கதை பாடமாகிறது. உரிமை கேட்டவரின் கதை கோப்பில் தூங்குகிறது.

பையனின் தகப்பனார் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊர் செங்கற்பட்டுக்குத் தெற்கே. அவருடைய தாத்தா காலத்தில் ஊர்க் கோயில் தேர் சேரிப்பக்கம் திரும்பாது என்று மட்டும் சொன்னார். இப்போது திரும்புகிறதா என்று நான் கேட்டேன். சிரித்தார்.

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு டில்லி வந்தது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அவரைச் சந்திக்க இருவர் சேர்ந்து சென்றார்கள். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் ராஜா. பத்தாண்டு எதிரெதிராக நின்றவர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, தங்கள் மக்களுக்குப் பாதுகாப்பில்லாத அந்தத் திட்டம் ஏற்கத்தக்கதல்ல என்றார்கள். அடுத்த ஆண்டு, 1943-ல், ராஜா மறைந்தார். வயது அறுபது.

சைதாப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. நம் வட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே தங்கிப் படித்தவர்கள். எம்.சி. ராஜா ஹாஸ்டல் என்று பஸ்ஸில் இடம் கேட்டு இறங்குகிறோம், எம்.சி. என்பதில் எம் யார், சி யார் என்று அதில் படித்த ஒரு தோழரையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. மயிலை, சின்னத்தம்பி என்று சொன்னேன்; குறித்துக்கொண்டார்.

அந்த மாணவனுக்கு அன்றிரவு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தேர்வில் இந்த ராஜாவைப் பற்றிக் கேட்டால், நான் சொன்னதை எழுதலாமா, புத்தகத்தில் உள்ளதை எழுதவேண்டுமா? புத்தகத்தில் உள்ளதை எழுது, மதிப்பெண் முக்கியம் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல? ஆனால் அடுத்த மாதம் படிப்பகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எம்.சி. ராஜா என்றே தலைப்பு வைத்திருக்கிறோம். புளியந்தோப்பையும் சேர்த்துப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வட்டச் செயலாளர் முதலில் சற்று யோசித்தார், பிறகு சரி என்றார்.

ராஜா கேட்ட கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் 1947-ல் வந்தது. அவர் மறைந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய மசோதா விழுந்து ஒன்பது ஆண்டு.